மனு வரிசையில் பாவாயி

சேலம் மத்திய சிறை வாசலில் புதன்கிழமை காலை மனு வரிசை நிற்கும். உள்ளே இருக்கிறவனைப் பார்த்து நாலு வார்த்தை பேச வந்தவர்களின் வரிசைக்கு அங்கே அப்படித்தான் பேர். பாவாயி இரண்டு வருடமாக அந்த வரிசையில் நிற்கிறாள். ஒருநாளும் கதவைத் தாண்டி உள்ளே போனதில்லை. அவளுக்கு உள்ளே ஆள் இல்லை.

அவளுடைய ஆள், ஒரே மகன் கந்தவேல், ஆப்பிரிக்காவில் ஒரு சிறையில் இருந்தான். ரிக் வண்டியில் போர்வெல் போடப் போனவன். அந்த நாட்டின் பேர் பாவாயியின் வாயில் முழுசாக நுழைந்ததே இல்லை. கேட்டால், "அது என்னமோ ஒரு நாடு. நம்மாளுக போயி ஓட்ட போட்டாத்தான் அவிகளுக்குத் தண்ணி" என்பாள்.

கண்ணாஸ்பத்திரிக்குப் போவதற்காக ஒருமுறை சேலம் வந்தபோதுதான் அவள் இந்த வரிசையைப் பார்த்தாள். பஸ் அஸ்தம்பட்டியில் நின்றது. பெரிய மதில். மதிலோரம் பெண்கள், கையில் பை, இடுப்பில் குழந்தை. பாவாயி ஆஸ்பத்திரியை மறந்து இறங்கிவிட்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் நின்று, உள்ளே போய்விட்டு வந்த ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினாள். கண் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

பிறகு புதன்தோறும் வந்தாள். சும்மா வந்து நிற்பதாவது? அதனால் ஒரு வேலையும் பிடித்துக்கொண்டாள். ஆதார் நகல் எடுக்கப் போகிறவள், குழந்தையை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போகிறவள், டீ குடிக்கப் போகிறவள், எல்லோரும் பையை அவள் காலடியில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை பாவாயி இடம் பிடித்து நிற்பாள். எவனாவது நடுவில் புகுந்தால் போச்சு.

"ஏனுங்க, உங்கொப்பன் ஊட்டுக் கல்யாணப் பந்தியா இது? பின்னால போயி நில்லுங்க. உள்ள இருக்கறவன் எங்கியும் ஓடீர மாட்டான்."

போலீஸ்காரர்களே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்கள்.

முதல் தடவை இசபெல்லா டீச்சர் அவளைப் பார்த்தது அங்கேதான். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். மாதா கோயில் சபையிலிருந்து கைதிகளைப் பார்க்க வாரம் ஒருமுறை வருகிறவர்.

"உங்க பையன் எந்த பிளாக்குங்கம்மா?"

"அவன் இங்க இல்லீங்க. ஆப்பிரிக்காவுல இருக்கறான்."

"அப்புறம் இங்க எதுக்கு நிக்கறீங்க?"

"மத்தவளுக எப்பிடிப் பேசீட்டு வாராளுகன்னு பாக்கறக்கு. அதுக்குமா டோக்கன் வாங்கோணும்?"

டீச்சர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "என்ன கேஸு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எம்பையன் ஒண்ணும் பண்ணுல!" என்றாள் பாவாயி, மதிலுக்கு அந்தப்பக்கம் கேட்கிற மாதிரி. "எவனோ லாரிய ஏத்திக் கொன்னதுக்கு இவன் உள்ள இருக்கறான்." இதை அவள் கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். அதற்கு மேல் ஒரு வரி உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் உள்ளே தள்ளி அவள் ஊர். பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. பள்ளிக்கூடத்து வாசலை மழைக்கு ஒதுங்கக்கூட மிதித்ததில்லை. புருசன் மாரப்பன் லாரி டிரைவர். நெஞ்சுவலியில் போய் ஒன்பது வருடமாகிறது. "நல்ல மனுசன். ஊட்டுல இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருப்பாரு" என்பதுதான் அவரைப் பற்றி அவள் சொல்கிற புகழ்ச்சி.

பண்ணையில் உடைசல் முட்டையை ஆட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். கந்தவேல் இருந்தபோது ஒரே வேளைக்கு நாலைந்தை அப்படியே சட்டியில் ஊற்றித் தின்பான். இப்போது அவளுக்குக் கொடுத்தால், பக்கத்து வேலைக்காரி தட்டில் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டுவாள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் அவன் போன் வரும். ஐந்தே நிமிடம். அந்தச் சிறையில் அவ்வளவுதான் கணக்கு. பிறகு தானாகவே அறுந்துவிடும். முட்டை அட்டைகளை இறக்கி வைத்துவிட்டு ஷெட்டு வாசலில் நின்று பேசுவாள்.

"என்னம்மா சத்தம்?"

"என்ன சத்தம், கோழிகதான்."

"கொஞ்ச நேரம் போனை அந்தப் பக்கம் காட்டும்மா."

ஐந்து நிமிடத்தில் அரை நிமிடத்தைக் கோழிக்குக் கொடுப்பான் அவன். அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். காதில் வைத்திருந்தால் அவன் மூச்சாவது கேட்குமே என்று பதறும். ஆனால் கையை மடக்க மாட்டாள்.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, இசபெல்லா டீச்சர் வரிசையை நோக்கி வேகமாக வந்தார். அந்த வயதுக்கு அது ஓட்டம்தான்.

"பாவாயிம்மா, அந்த நாடு சேர்ந்துருச்சு!"

"எதுல சேந்துச்சு?"

டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். ஒரு நாட்டில் குற்றம், இன்னொரு நாட்டில் சாட்சி, மூன்றாவது நாட்டில் கைதி என்று கிடப்பதையெல்லாம் நாடுகள் கைகோத்துப் பார்த்துக்கொள்வதற்கு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அந்த நாடு இத்தனை நாளும் அதில் சேரவில்லை. எங்கள் சட்டம் எங்களுக்கு, எவனும் தலையிட வேண்டாம் என்று அவர்கள் நாடாளுமன்றத்தில் பாதிப் பேர் முறுக்கிக்கொண்டு இருந்தார்கள். இப்போது சேர்வதென்று முடிவு செய்து சட்டத்தையும் மாற்றிவிட்டார்கள். நம் நாட்டோடும் கையெழுத்தாகிவிட்டது.

"அவிக நாட்டுக்கு நல்ல புத்தி வந்ததுல எனக்கென்னுங்க டீச்சர்?"

"உங்க பையன் மிச்சத் தண்டனைய இங்க வந்து கழிக்கலாம். இதே ஜெயில்ல."

பாவாயி மதிலைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். காலடியில் கிடந்த மூன்று பைகளைப் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டாள். கூட நின்ற பெண்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

"மயக்கமெல்லாம் ஒண்ணுமில்ல, தள்ளுங்க அந்தப் பக்கம்" என்றாள். "எட்டு வருசம் போட்டானுக. நாலு முடிஞ்சுது. மிச்சம் நாலும் இங்கியா?"

"ஆமா."

"வாரா வாரம் பாக்குலாமா?"

"பாக்கலாம்."

அன்றிலிருந்து அவள் கால் தரையில் நிற்கவில்லை. ரேசன் கார்டு, பிறப்புச் சான்று, இந்த ஊர்க்காரன்தான் என்று கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து, எல்லாம் ஒன்பது நாளில் முடிந்தது. "வெளிநாட்டுல கொலைகாரன்னா நான் எப்பிடிம்மா கையெழுத்துப் போடறது?" என்று இழுத்த அலுவலரிடம், "பொறந்தது இந்த ஊருலதானுங்களே, அதுக்குப் போடுங்க. கொலைக்கு நானா கேட்டேன்?" என்று சொல்லி வாங்கிவிட்டாள்.

காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் காபி கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஒரு சிக்கல் இருக்கு பாவாயிம்மா. தான் ஓட்டலைன்னு உங்க பையன் அங்க அப்பீல் போட்டிருக்கார். அது நிலுவையில இருந்தா அனுப்ப மாட்டாங்க. அதை அவர் வாபஸ் வாங்கணும். தீர்ப்பு சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"இங்க வந்து நம்ம கோர்ட்டுல சொல்லிக்கறது."

"முடியாது. அந்தத் தீர்ப்பை நம்ம கோர்ட்டு மாத்த முடியாது. குடிச்சுட்டு வண்டி ஓட்டினார், ஒருத்தரைக் கொன்னுட்டு நிக்காம போனார்ங்கறது கடைசிவரைக்கும் அவர் பேர்ல இருக்கும்."

பாவாயி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு வழியும் இதே ஒப்பந்தத்துல இருக்கு" என்றார் டீச்சர். "உண்மையா ஓட்டினது யாருன்னு தெரிஞ்சா, அவரோட வாக்குமூலத்தை இங்க நாமக்கல் கோர்ட்டுலயே எடுத்து அங்க அனுப்பலாம். முன்னாடி அதுக்கு வழி இல்ல. இப்ப இருக்கு. ஆனா அவர் வாயத் திறக்கணும். ரெண்டு வருசம் ஆகலாம், மூணும் ஆகலாம். யாரு ஓட்டினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். ஓட்டியவன் சிவபிரகாஷ், ரிக் முதலாளியின் அக்கா மகன். லைசென்ஸ் இல்லாதவன். போர் போட்டு முடித்து, குடித்துவிட்டு கம்ப்ரஸர் லாரியை எடுத்தான். சைக்கிளில் வந்த ஒரு மனிதனை அடித்துவிட்டு நிற்காமல் ஓட்டி வந்தான். பக்கத்து சீட்டில் கந்தவேல் தூங்கிக்கொண்டிருந்தான். போலீஸ் வருவதற்குள் ஊரிலிருந்து முதலாளி போனில் பேசினார். "கந்தா, லைசென்ஸ் உங்கிட்டத்தான் இருக்குது. நீ ஏத்துக்கோ. ஒரு வாரத்துல எடுத்துர்றேன்."

கந்தவேல் அம்மாவைக் கூப்பிட்டான். யாரிடமும் சொல்லாத அந்த வரி இங்கேதான் இருக்கிறது.

இந்தப் பக்கத்து லாரித் தொழிலில் கேஸ் ஏற்பது என்று ஒரு வழக்கம் உண்டு. முதலாளி வீட்டுப் பிள்ளை இடித்துவிட்டு வந்தால், லைசென்ஸ் உள்ள டிரைவர் ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் ஓட்டினேன் என்பான். மாரப்பன் இரண்டு தடவை ஏற்றிருக்கிறார். மூன்று நாளில் ஜாமீன். அந்த மூன்று நாளும் முதலாளி வீட்டிலிருந்து தூக்குப்போசியில் சோறு போனது. கேஸ் பதினோரு வருடம் இழுத்துக் காய்ந்து உதிர்ந்தது. பாவாயிக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். மகன் கேட்டபோது அவள் யோசிக்கக்கூட இல்லை.

"ஏத்துக்கோ சாமி. உங்கொப்பன் ஏத்துக்கலியா? மூணு நாளு. மொதலாளி கைவிட மாட்டாரு."

அவன் ஏற்றுக்கொண்டான். அந்த நாட்டில் ஜாமீனும் இல்லை, தூக்குப்போசியும் இல்லை. சிவபிரகாஷை இரண்டே நாளில் விமானம் ஏற்றினார்கள். முதலாளி ஆறு மாதம் போன் எடுத்தார். பிறகு எடுக்கவில்லை.

டீச்சரிடம் அவள் இதைச் சொல்லவில்லை. "தெரியுமுங்க. போயிக் கேட்டுட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

சிவபிரகாஷ் திருச்செங்கோட்டில் ரிக் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். கல்யாணமாகி, கைக்குழந்தை. பாவாயி போனபோது வீட்டு வாசலில் அவன் அம்மா ஜோதி, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் குழந்தையை வாரித் துண்டில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். என்னமோ தூக்கிக்கொண்டு போக வந்தவளைப் பார்த்த மாதிரி.

"உன்ற பேரன நான் ஒண்ணும் பண்ணீர மாட்டேன். உன்ற பையனக் கூப்புடு."

சிவபிரகாஷ் வந்தான். பாவாயியின் காலைத்தான் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வந்த விசயத்தைச் சொன்னாள். அவனுக்கு அந்த ஒப்பந்தத்தைப் பற்றி அவளைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. வக்கீலிடம் கேட்டிருக்கிறான்.

"பெரீம்மா, நான் ஓட்டினேன்னு இங்க எழுதிக் குடுத்தா, அந்த நாடு என்னையக் கேக்கும். அதுக்கும் இதுலயே வழி இருக்குதுங்க. என்னையப் புடிச்சு அனுப்பீருவாங்க."

"அனுப்பட்டும்."

"எனக்குக் கொழந்த இருக்குதுங்க பெரீம்மா."

"எனக்கு மட்டும் என்னடா, கோழிக்குஞ்சா இருக்குது?" என்றாள் பாவாயி. "நீ போ. உங்கம்மாளுக்குச் சேலத்துல மனு வரிசையில நானே எடம் புடிச்சுக் குடுக்கறேன். எங்க நின்னா வெய்யில் படாதுன்னு எனக்குத் தெரியும்."

ஜோதி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். சிவபிரகாஷ் கும்பிட்ட கையைப் பிரிக்காமல் நின்றான். பாவாயி அரை மணி நேரம் நின்று பார்த்தாள். திட்டுகிற வார்த்தை எல்லாம் தீர்ந்து போயிற்று. அவளுக்கு அது புதுசு.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அடித்தது. கந்தவேல் சின்னப் பையனாக இருந்தபோது, நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்கு முன்பே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடிப்பான். அவள் கூட்டத்தில் இடிபட்டு ஏறி வந்தால், துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பான், தான் உட்கார மாட்டான். "உக்காரும்மா." அந்தக் கை எப்படி இருக்கும் இப்போது? முகம் போனில் குரலாக வந்துகொண்டிருந்தது. கைதான் வருவதில்லை.

வந்துவிடச் சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள். பேராவது, பழியாவது. செத்த பிறகு யார் வந்து தீர்ப்பைப் படிக்கப் போகிறார்கள். வரட்டும். வந்து கம்பிக்கு அந்தப்பக்கம் நிற்கட்டும். போதும்.

அடுத்த சனிக்கிழமை போன் வந்தது. டீச்சர் முன்பே எழுதியிருந்த கடிதம் அவனுக்குக் கிடைத்திருந்தது. எல்லாம் தெரிந்திருந்தது.

"அவன் வாயத் தொறக்க மாட்டேங்கறான் சாமி" என்றாள். "கொழந்த இருக்குதாம்."

"தொறக்க மாட்டாம்மா. நான் எதிர்பாக்குல. நீ சொல்லு. வாபஸ் வாங்கீறட்டுமா?"

வந்திரு என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆறு நாளாக அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோழிகளிடம். ஆனால் அவன் கேட்ட விதம் அப்படியே அன்றைக்குப் போலவே இருந்தது. அதே குரல். நீ சொல்லும்மா.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"ஏம்மா?"

"ஒருக்காச் சொன்னேன். கேட்டுட்டு நாலு வருசமா கெடக்கற. படிக்காத முண்ட, மூணு நாளுன்னு சொன்னேன். என்ற வாயில இருந்து இனி ஒண்ணும் வராது. உனக்கு எது தோணுதோ பண்ணு. அங்கியே நின்னு பாக்கறதுன்னாலும் பாரு. நான் செத்துர மாட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ தூரத்தில் என்னவோ பாஷையில் கத்தினார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"அம்மா."

"சொல்லு சாமி."

"அந்தச் சேலம் ஜெயிலு எப்பிடி இருக்கும்?"

உலகத்தில் வேறு எந்தத் தாய்க்கும் அந்தக் கேள்விக்கு இவ்வளவு பதில் இருந்திருக்காது. மதிலின் உயரத்தைச் சொன்னாள். வாசலில் எந்தப் பக்கம் காலையில் நிழல் விழும் என்று சொன்னாள். உள்ளே கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் நின்று கத்தித்தான் பேச வேண்டும், பக்கத்தில் பத்துப் பேர் கத்துவார்கள், யார் பேச்சும் யாருக்கும் விளங்காது, இருந்தாலும் வெளியே வரும்போது எல்லாருடைய முகமும் கழுவி விட்ட மாதிரி இருக்கும் என்று சொன்னாள்.

"உள்ள நீ போயிருக்கறயா?"

"இல்ல. கேட்டு வெச்சிருக்கறேன்."

அவன் சிரித்தான். நாலு வருடத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. அந்த நாட்டுக்குப் போனதும் பல்லை எங்கேயோ வைத்துவிட்டான் என்றுகூட நினைத்திருந்தாள்.

"நான் எழுதிக் குடுத்தர்றேம்மா."

"எனக்காகவா?"

"எனக்கும்தான். உன்னையப் பாக்கோணும். நான் பண்ணுலீன்னு உனக்குத் தெரியுமில்ல? அது போதும்." பிறகு அவசரமாக, "எடம் புடிச்சு வெய்யி" என்றான். அதோடு லைன் அறுந்தது. கோழிச் சத்தம் கேட்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை.

எட்டு மாதமாகலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்றார் டீச்சர். அங்கே ஒரு அமைச்சகம், இங்கே ஒரு அமைச்சகம், நடுவில் கடல்.

அடுத்த புதன்கிழமையும் வரிசைக்குப் போனாள். வழக்கம்போல மூன்று பைகள் காலடியில். பின்னால் புதிதாக வந்த ஒருத்தி, ஆத்தூர்ப் பக்கத்துக்காரி, முகமெல்லாம் வீங்கி நின்றுகொண்டிருந்தாள். முதல் தடவை போலிருக்கிறது. பேச்சுக்கு ஆள் தேடினாள்.

"உங்க ஆளும் உள்ளதாம்மா இருக்காரா?"

"இன்னும் வருல. வந்துட்டே இருக்கறான்."

அவளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் கேட்டாள். "என்ன கேஸுமா?"

பாவாயி வாயைத் திறந்தாள். இரண்டு வருடமாக மதிலுக்கு அந்தப்பக்கம் கேட்கிற மாதிரி சொன்ன வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை இனி சொல்லக் கூடாது. தீர்ப்பு சரியென்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். இவள் கத்தி ஏதாவது கெட்டுப்போனால்?

"லாரி ஏத்தீட்டான்" என்றாள், பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஐயோ. செத்தவங்களுக்குப் புள்ளகுட்டி இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. பாவாயி குனிந்து பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரடி முன்னால் வைத்தாள்.